ஆறு பேர் செலவில் ஒரு கல்யாணம்

போன வாரம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் என் கடைசி நாளைப் பற்றி எழுதியிருந்தேன். முப்பத்துச் சொச்சம் வருடம் துணியில் குறை தேடிய கண், இனி வீட்டில் உட்கார்ந்து எதைத் தேடும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் வேலையை விட்டு வந்த மறுமாதமே பிரச்சினை எங்கள் வீட்டு டிவியில் வந்து நின்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் எட்டு மணிப் பூசை முடிந்து, வரும் வழியில் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தோம். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் மகள் ஜெனி தன் லேப்டாப்பை எடுத்து வந்து ஒரு ஒயரைப் போட்டு டிவியோடு இணைத்தாள். அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் சாம், சோபாவின் நுனியில், கீழே விழாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் உட்கார்ந்திருந்தான்.

டிவி முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. இடது பக்கம் மண்டபம், சாப்பாடு, புடவை, தாலி, பத்திரிகை, போட்டோ, பூ, வேன் என்று வரிசையாக இருந்தன. மேலே நான்கு தலைப்பு: ஜெனி, சாம், ஜெனி வீடு, சாம் வீடு.

என் கணவர் அந்தோணி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னாம்மா இது, கிரிக்கெட் ஸ்கோரா?"

"கல்யாணச் செலவுப்பா. யார் யார் எதை எதைப் பாத்துக்கறதுன்னு பிரிச்சிருக்கோம்."

"பிரிக்கறதுக்கு இதுல இன்னா கீது? பொண்ண பெத்தவன் நான் கீறேன். நான் பண்றேன்."

"நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கறோம்ப்பா. எங்க கல்யாணம். பாதிக்கு மேல நாங்களே போடறோம். மீதிய ரெண்டு வீடும் பாத்துக்கட்டும்."

அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பிலோ, நான் ஷெட்டுக்குப் போறேன்."

"மீன் கொழம்பு?"

"வந்து துன்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மூடிக் கிடக்கும். அங்கே ஒரு வாடகை ஷெட்டில் இவருக்கு இரண்டு லேத் மிஷின். அன்று சாயங்காலம் வரை ஒரு மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது என்று பக்கத்து ஷெட் வாட்ச்மேன் பிறகு சொன்னார். வேலை என்று ஒன்றும் இல்லை. பழைய இரும்புக் கம்பி ஒன்றை மாட்டி, அது முழுசும் சுருள் சுருளாகக் கொட்டித் தீரும்வரை கடைந்துவிட்டு வந்திருக்கிறார்.

சாம் மீனில் இரண்டு துண்டு சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்று நான்கு தடவை சொன்னான்.

டார்ச் பிடித்த பையன்

சாமை இவருக்குப் பிடிக்கவில்லையோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவனை எனக்கு முன்பே பிடித்துப்போனது இவருக்குத்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெருமழை. ஜெனியின் ஆபீசும் எஸ்டேட்டில்தான். எங்கள் வீடு ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம். பஸ் ஓடவில்லை. முழங்கால் தண்ணீரில் ஜெனி நடந்தே வந்து சேர்ந்தாள். கூடவே தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பையன். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவன், ஐயப்பன்தாங்கல் போக வேண்டும், பஸ் இல்லை என்றாள்.

இவர் தன் லுங்கியையும் சட்டையையும் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சட்டைக்குள் இன்னொரு சாமையும் வைக்கலாம். டீ குடித்த பையன் சும்மா உட்காரவில்லை. தண்ணீர் புகுந்த மோட்டாரை இவர் கழற்றிக்கொண்டிருக்க, பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்தான்.

அவன் போன பிறகு இவர் சொன்னார்: "கரீக்டா புட்சான் பிலோ அந்தப் பையன். என் கண்ணு எங்க போவுதோ அங்க லைட்டு வந்துச்சு."

ரொம்ப நாள் கழித்து ஜெனி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது இவர் கேட்டது ஒரே கேள்வி.

"டார்ச் புட்சவனா?"

"ஆமாப்பா."

"சரி."

எங்கள் வீட்டுச் சம்மதம் அவ்வளவுதான். பையன் வீடு தூத்துக்குடிப் பக்கம், பிராட்டஸ்டன்ட். நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் சாமியாரும் அவர்கள் சபையும் கடிதம் மேல் கடிதம் எழுதி ஒரு முடிவுக்கு வந்தது தனிக் கதை. அதையே சுலபமாகத் தாண்டிவிட்டோம். செலவில் வந்து மாட்டிக்கொண்டோம். கொடுக்க ஆளில்லாமல் கல்யாணம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க வந்தவர்கள் அதிகமாகிப்போய் நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டு அப்பாக்கள்

சாமின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் அவனுடைய பிளாட்டில் தங்கியிருந்தார்கள். நாங்கள் பார்க்கப் போனோம். சாமின் அம்மா கிரேஸ், சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததுமே "வாங்க மதினி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டில் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பால் மணத்தோடு நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போனது.

அப்பா ஜெபராஜ் சார் ஹெட்மாஸ்டராக இருந்தவர். பேசும்போது இரண்டு விரலைச் சேர்த்துத்தான் பேசுவார், நடுவில் இன்னும் சாக்பீஸ் இருப்பதுபோல.

"கல்யாணத்துக்கு எங்க ஐயரும் வருவாரு. ஒரு ஜெபம் மட்டும் பண்ணுவாரு. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்றார்.

இவர் என் பக்கம் சாய்ந்தார். "இன்னா பிலோ, ஐயரு வர்றாருன்றாரு? ஓமம்லாம் வளப்பாங்களா?"

ரகசியம் பேசுவது இவருக்கு வராது. லேத் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. கிரேஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதகரத்தான் அண்ணாச்சி எங்க ஊர்ல ஐயர்னு சொல்லுவோம்" என்றார், சிரிப்பு அடங்கிய பிறகு.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெபராஜ் சார் தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு விஷயம். வரதட்சணைங்கற பேச்சே எங்க வீட்டுல கிடையாது. கல்யாணச் செலவும் உங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு ஒத்தப் பிள்ளை. மொத்தமும் நானே செய்யுதேன்."

இவர் அல்வாத் தட்டைக் கீழே வைத்தார்.

"அதெப்டி சார்? பொண்ணு என்னுது."

"பையன் என்னோட பையன்லா?"

"எனக்கு எங்க மாமனாரு எப்டி பண்ணாரு தெரியுமா சார்? ஆவடில ஒரு கேண்டீன்ல சமையல் வேல. எங்க ஊட்லேர்ந்து ஒரு ரூபா வேணான்னுட்டாரு. ஒத்த ஆளா நின்னு ஐநூறு பேருக்கு சோறு போட்டாரு. அந்த மாதிரி நானும் என் பொண்ணுக்குப் பண்ணணும்."

என் அப்பாவை இவர் புகழ்வது புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் அப்பா போட்ட சாப்பாட்டைச் சொல்லாமல் திரும்பமாட்டார். அப்பா இறந்த பிறகும் அது நிற்கவில்லை. நான் தரையில் டைல்ஸின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் ஒரு லிஸ்ட்டு..." என்று சாம் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருல" என்றார் ஜெபராஜ் சார். "நீ சும்மா இரு மாப்ள" என்றார் இவர். இரண்டு பேரும் அன்று ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெனி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம். சாமியார் கிட்ட கேட்டு ஒரு சின்னப் பூசை. வர்றவங்களுக்கு டீ, பிஸ்கட். அதுக்கு யாரும் சண்டை போட மாட்டீங்க இல்ல?"

அவள் கோபத்தில் சொல்லிவிட்டு மறுநாள் மறக்கிற பெண் இல்லை. அப்பாவைப் போலத்தான். அந்த வாரம் அவள் கைப்பையில் ரிஜிஸ்டர் ஆபீஸ் விண்ணப்பத் தாளைப் பார்த்தேன். இரண்டு பேர் பெயரும் எழுதியாகியிருந்தது.

லேத் பார்க்க வந்தவர்

வேலையை விட்ட பிறகு எனக்கு ஒரு புது சந்தோஷம் கிடைத்திருந்தது. இவருக்கு மதியச் சாப்பாட்டைச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதற்கு முன் எத்தனையோ வருடம் இரண்டு பேரும் காலையில் கட்டிய ஆறின சோற்றைத்தான் ஆளுக்கொரு இடத்தில் சாப்பிட்டோம்.

அன்று கருவாட்டுக் குழம்பும் கத்திரிக்காயும் கொண்டு போனேன். ஷெட்டில் தெரியாத ஆள் ஒருவர் இருந்தார். பெரிய லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இவர் அதை ஓட விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மெஷின சோக்கா வெச்சிகிற அண்ணாத்தே. பெல்ட்டு மட்டும் மாத்தணும். ரேட்டு பேசிக்கலாம்" என்றார் அவர்.

எனக்கு விளங்கிவிட்டது. சின்ன மிஷினில் வரும் வேலை ஷெட் வாடகைக்கும் கரண்டுக்கும் போய்விடும். பெரிய மிஷினில் வருவதுதான் எங்கள் சாப்பாடு.

"பெரிசையா விக்கறீங்க?"

"இன்னா பண்ணச் சொல்ற? அந்த வாத்தியாரு மின்னாடி நான் நாலு பேரோட சேந்து பங்கு போட்டுகினு நிக்கவா? உங்கப்பா நின்னாரா? ஒத்த ஆளா..."

"எங்கப்பா ஒத்த ஆளா பண்ணல. பாதி கடன். அந்தக் கடன நான்தான் கட்டினேன்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் காதில் கை வைத்தார். "இன்னா?"

முப்பது வருடத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்ததை, அந்த இரைச்சலுக்கு மேல், முன்பின் தெரியாத ஒரு ஆள் கேட்கும்படி இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"எங்கப்பா வாங்கின கடன நான் கட்டினேங்க. ஆறு வருஷம். என் ஓவர்டைம் பணத்துல."

ஸ்டேஷன் பெஞ்சு

என் கல்யாணத்தை ஆவடியில் இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. கேண்டீனில் ஊருக்கெல்லாம் சமைத்த அப்பா, அன்று ஒரு நாள் கரண்டியைத் தொடாமல் வெள்ளை வேட்டியில் பந்திக்குப் பந்தி நின்று விசாரித்தார். ஆட்டுக்கறி, கேசரி, எல்லாம் தாராளம். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அதைப் பந்தியில் யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

மூன்றாவது மாதம் ஒரு மதியம், கம்பெனி கேட்டில் அப்பா நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போனேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சும்மாதாம்மா, இந்தப் பக்கம் வந்தேன்."

எஸ்டேட்டுக்குள் யாரும் சும்மா வருவதில்லை. மாமியார் எப்படி, மாப்பிள்ளை எப்படி, சாப்பிட்டாயா என்று எல்லாம் கேட்டார். போகவில்லை. நானே கேட்டேன். வட்டிக்காரர் காலையிலிருந்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், தங்கைகள் வெளியே வரமுடியாமல் உள்ளே இருக்கிறார்கள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

அந்த மாதத்திலிருந்து ஓவர்டைம் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். சம்பளம் வீட்டுக்கு. ஓவர்டைம் அப்பாவுக்கு. சம்பளத்துக்கு மறுநாள் அவர் மின்சார ரயிலில் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு வருவார். பணத்தை டிபன் டப்பாவுக்குள் வைத்துக் கொடுப்பேன், பார்க்கிறவர்களுக்கு மகள் அப்பாவுக்குச் சாப்பாடு தருவதுபோல் இருக்கும். அவரும் வெறுங்கையோடு வந்ததில்லை. அதே அளவு டப்பா ஒன்றில் மசால் வடையோ தக்காளிச் சாதமோ இருக்கும். டப்பாக்களை மாற்றிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவோம். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கடைசித் தவணையின்போது ஜெனி என் வயிற்றில் ஆறு மாதம். அன்று அப்பா டப்பா கொண்டுவரவில்லை. அரை கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, கொட்டையைத் தண்டவாளத்தில் துப்பிக்கொண்டே அவ்வளவு பழத்தையும் சாப்பிட்டோம். மூன்று ரயில் போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

எனக்கொரு கட்டம்

இவர் மிஷினை நிறுத்தினார். ஷெட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. வாங்க வந்தவர் இவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாத்தே, மெஷினு?"

"மெஷினு குடுக்கறதா இல்ல. ஒரு டீ குட்சிட்டுப் போ."

அவர் டீ குடிக்காமலே போய்விட்டார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து நான் கொண்டு வந்ததை முழுக்கச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கேரியரைத் தானே கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். கோபமா, வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை. அடுக்கைத் தப்பாக மாட்டியிருந்தார். வெளியே வந்து சரிசெய்துகொண்டேன்.

சாயங்காலம் ஜெனி ஆபீசிலிருந்து வந்ததும் இவர் சொன்னார்: "அன்னிக்கு டிவில போட்டியே, அத இன்னொரு தபா போடு."

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் ஒயரை எடுத்துக் கொடுத்தேன். சாம் போனில் இருந்தான்.

"சோறு என்னுது. அத மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன். மத்தத நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க."

ஜெனி 'ஜெனி வீடு' என்ற தலைப்புக்குக் கீழே சாப்பாட்டைப் போட்டாள். அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"அது அப்பாவோட கட்டம். எனக்குத் தனியா ஒண்ணு போடு."

"உனக்கு எதுக்கும்மா?"

"கம்பெனில கணக்கு முடிச்சுக் குடுத்த பணம் இருக்கு. புடவை நான் எடுக்கறேன். என் பேரப் போட்டு எழுது."

"போடும்மா" என்றார் இவர். "மொதல்ல அத போடு."

போனில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கிரேஸ். "ஏ மக்ளே, எனக்கும் ஒண்ணு போடு. தாலி நான் எடுக்கேன். சிறுகச் சிறுகச் சேத்த சிறுவாடு வச்சிருக்கேன்."

அதற்கும் பின்னால் ஜெபராஜ் சாரின் குரல்: "உனக்கு ஏது சிறுவாடு?"

"அத இப்ப எதுக்குக் கேக்கிய?"

ஜெனி சிரித்துக்கொண்டே இரண்டு கட்டம் சேர்த்தாள். நான்கு ஆறானது. ஆனால் ஜெபராஜ் சாரின் கட்டத்தில் அவர் இன்னும் எல்லாவற்றையும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை இவர் தனியாகப் பஸ் ஏறி ஐயப்பன்தாங்கல் போனார். திரும்பி வந்தபோது கையில் அல்வா டப்பா.

"இன்னா சொன்னீங்க அவர்ட்ட?"

"நாம ரெண்டு பேரும் இப்டியே முட்டிகினு நின்னா, அதுங்க கல்யாணத்துல நாம டீல பிஸ்கட்டு தொட்டுகினு உக்காரணும் சார்னேன். பத்திரிகையும் வேனும் அவரு பாத்துக்கறாராம்."

இவர் சொன்னது அவ்வளவுதான். மீதியைக் கிரேஸ் மறுநாள் போனில் சொன்னார். இவர் அங்கே உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எங்க கல்யாணத்துக்கே பாதி செலவு எம் பொண்டாட்டிதான் பண்ணிகிறா சார். எனக்கே இப்பதான் தெரியும்" என்பதாம். "அத அண்ணாச்சி எவ்வளவு பெருமையா சொன்னாங்கன்னு நெனைக்கிய மதினி" என்றார். நான் போனை வைத்துவிட்டு, அடுப்பில் பாலை மறந்துபோய் நின்றேன். பொங்கி அடுப்பெல்லாம் ஆனது.

பில் யார் பெயருக்கு

செலவு செய்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஜெனி ஒரு சட்டம் போட்டிருந்தாள். அதன் பலனை அவளே அனுபவித்தாள். ஜெபராஜ் சார் தன் பெரியப்பா வழிப் பேரன்வரை பெயர் போட்டதில் பத்திரிகை நான்கு பக்கத்துக்குப் போனது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று பேசியிருக்க, இவர் எஸ்டேட்டில் டீக்கடை உட்பட எல்லா இடத்திலும் சொல்லிவிட்டு வந்தார்.

என் பங்கு புடவை. கோவிலுக்கு வெள்ளைப் பட்டு, வெள்ளிச் சரிகை. கடைக்காரப் பையன் ஒரு புடவையை விரிப்பான். நான் அதைத் திருப்பி, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் ஓட்டி, எங்கேயாவது இழை இழுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பதினோரு புடவையைத் தள்ளினேன்.

"கல்யாணப் புடவைம்மா இது. எக்ஸ்போர்ட்டுக்கா போவுது?" என்றான் அவன்.

ஜெனி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பன்னிரண்டாவது புடவையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை பார்த்தும் இல்லை. அவளை எழுப்பித் தோளில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அழாதம்மா, கடைல எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

கவுண்டரில் கேட்டார்கள்: "பில்லு யார் பேருக்கும்மா போடணும்?"

"பிலோமினா" என்றேன்.

நசரத்பேட்டையில்

காலையில் எங்கள் கோவிலில் பூசை. எங்கள் சாமியார் ஆசீர்வதித்தார், அவர்கள் ஐயர் ஜெபம் செய்தார். கிரேஸ் எடுத்த தாலியைச் சாம் கட்டினான். சாப்பாடு நசரத்பேட்டை மண்டபத்தில். ஜெனியும் சாமும் பிடித்த மண்டபம், அவர்கள் போட்ட பூ, அவர்கள் ஏற்பாடு செய்த போட்டோக்காரர்.

மண்டபத்துக்குள் நுழைந்த ஜெனி கூட்டத்தைப் பார்த்து நின்றாள். எஸ்டேட்டில் பாதி அங்கே இருந்தது.

"அப்பா, முந்நூறு பேருன்னுதானே பேசினோம்?"

"சோறு யாரு கட்டத்துல கீது?" என்றார் இவர்.

பட்டுச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, பிரியாணி வாளியோடு பந்திக்குள் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஜெபராஜ் சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயிர்ப் பச்சடி வாளியை எடுத்தார். யார் முதலில் வரிசையின் கடைசிக்குப் போவது என்று இரண்டு பேருக்கும் போட்டி. தெற்கேயிருந்து வேனில் வந்தவர்கள், பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அதைத்தான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள். கிரேஸும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, யாரையும் கவனிக்காமல் நிதானமாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை மண்டபத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, பூந்தமல்லியில் ஒரு ஹோட்டலில் இவரும் நானும் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். ஷெட்டில் நான் கத்திச் சொன்ன நாளிலிருந்து அதைப் பற்றி என்னிடம் இவர் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தோசை வந்து, பாதி சாப்பிட்ட பிறகு கேட்டார்.

"ஆறு வருஷம். ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா பிலோ?"

"தோணிச்சு. சொல்லியிருந்தா எங்கப்பாவ நீங்க பாக்கற பார்வை மாறியிருக்கும்."

தோசையைப் பிய்த்தபடி யோசித்தார்.

"மாறித்தான் இருக்கும்" என்றார். "அன்னிக்கு எனக்கு புத்தி அவ்ளோதான். இப்ப மாறல. இப்ப அந்த மனுசன இன்னும் ஜாஸ்தியா புட்சிகீது."

நான் காபியை எடுத்துக் குடித்துக்கொண்டேன். சர்வர் பில்லைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். என் கை தானாகப் பர்ஸ் பக்கம் போனது. இவர் பில்லின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இதயாவது நான் குடுக்கறேன். உடு."

விட்டுவிட்டேன். சர்வரைக் கூப்பிட்டு, இன்னொரு காபியையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.